போயா இரவுக்கு ஒரு பதவுரை

மனேஜர் தந்த தாள்களில் பதினொரு பாட்டு.
அயர்லாந்துக்காரர் குடித்துவிட்டுப் பாடுகிறவை,
நாங்கள் குடிக்காமல் பாட வேண்டியவை.
மார்ச் பதினேழு, அவர்களுடைய புனிதர் நாள்.
பச்சைத் தொப்பி, பச்சை ரிப்பன்,
ஆளுக்கு நாலாயிரம், சாப்பாடு தனி.

ஆங்கிலம்தானே என்றேன்.
ஆமர் வீதி நெரிசலில் ஓட்டோ நின்றபோது
முதல் தாளை விரித்தேன்.
அந்த ஆங்கிலத்துக்குள்
வேறு யாரோ குடியிருந்தார்கள்.

ஜார் என்று ஒரு சொல்.
எலுமிச்சை ஊறுகாய்ச் சாடியை நினைத்துக்கொண்டு
மூன்று நாள் உருக்கமாகப் பாடினேன்.
கிறக் என்றால் விரிசல்.
நேற்றிரவு விரிசல் பிரமாதம் என்று
ஒருவன் ஏன் மார்தட்டுகிறான்?
எந்தச் சுவரில்? வாடகை வீடா?
ட்ரம்ஸ் அடிக்கும் ஜனித்
சிங்களத்தில் யோசித்தும் பார்த்தான். வரவில்லை.

பொச்சீன். ஷிபீன்.
பள்ளியில் செய்யுளைப் பிரித்தது போலப்
பென்சிலால் பிரித்து
ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன்.

துறைமுகத்துப் பாரந்தூக்கி பழுதுபார்க்க வந்த பெர்கல்
ஒத்திகை நேரத்தில் தனியே இருந்து
கச்சான் கொறித்துக்கொண்டிருந்தார்.
தாளை நீட்டினேன்.
பொச்சீனா?
உருளைக்கிழங்கிலோ பார்லியிலோ
மலைக்குப் பின்னால், பொலிஸ் வராத பக்கமாய்,
இரவில் வடிப்பது.
கசிப்பு! என்றோம் மூவரும் ஒரே குரலில்.
தமிழிலும் கசிப்பு, சிங்களத்திலும் கசிப்பு,
இந்த நாட்டில் இரண்டு மொழியும்
தகராறில்லாமல் பங்கிட்ட சொல்.
களனி ஆற்றங்கரையில் அதைக் குடித்துக்
கண் போனவர்கள் உண்டு என்றேன்.
அங்கேயும் உண்டு, பாட்டில் அது வராது என்றார்.

கிறக் என்றால் பகிடி.
ஜார் என்றால் ஒரு கிளாஸ் பியர், அவ்வளவுதான்.
ஊறுகாய் போனதில் எனக்குக் கொஞ்சம் கவலை.

பிறகு அந்த டிடில் டாடில் கோரஸ்,
அதற்கு என்ன பொருள்?
பெர்கல் கூரையைப் பார்த்தார்.
ஐம்பது வருசமாய்ப் பாடுகிறேன்,
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
அன்ஸ்லம் இருந்தால் சிரித்திருப்பான்:
பைலாவுக்குள் போர்த்துக்கீசம் என்ன சொல்கிறது என்று
தெரிந்தா கல்யாண வீடுகளில் இடுப்பை ஆட்டினோம்?

ஒன்பதாவது பாட்டில் வேக்.
விழித்தெழு என்று எடுத்துக்கொண்டு
கைதட்டி, வேகமாக அடித்தோம்.
பெர்கல் கையைக் காட்டி நிறுத்தினார்.
எழுப்புவது இல்லை அது.
செத்தவரோடு விடிய விடிய
நித்திரை கொள்ளாமல் இருப்பது.
குடிப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள்,
பிணத்துக்கும் ஒரு கிளாஸ் வைப்பார்கள்.
அப்படியென்றால் மெதுவாக வாசிக்கவா?
வேண்டாம். வேகம் சரி.

ஜனித் குச்சிகளைக் கீழே வைத்தான்.

போன ஆடியில், கொட்டாஞ்சேனையில்,
அன்ஸ்லத்தின் செத்தவீடு.
தகரப் பந்தல், பிளாஸ்டிக் கதிரை, முந்நூற்றிநாலு.
மதிலுக்குப் பின்னால்
தேத்தண்ணிக் கோப்பையில் சாராயம்.
துரும்பை மறைத்த ஃபைரூஸ் பிடிபட்டபோது
வெடித்துச் சிரித்து,
பெட்டியைப் பார்த்து வாயைப் பொத்தினோம்.
பொத்தியிருக்கத் தேவையில்லை போல.

கடைசியில் பாருங்கள், மார்ச் பதினேழு பௌர்ணமி.
போயா. ஊரில் ஒரு பாரும் திறக்காது.
மனேஜர் கலண்டர் பார்க்கிற மனிதர் இல்லை.
பாட்டு மட்டும் நடக்கட்டும் என்றார், இஞ்சிச் சோடாவோடு.
பச்சைத் தொப்பிகள் வந்தன.
மேசைக்கு மேசை பீங்கான் கேத்தில்,
சரித்தால் நுரை.
பெர்கல் தன் கேத்திலை உயர்த்தி
அறை முழுக்கக் கேட்கக் கத்தினார்: ஷிபீன்!
அந்த ஒன்றுக்கு மட்டும் பொருள் கேட்க மறந்திருந்தேன்.

ஒன்பதாவதை அதே வேகத்தில் எடுத்தோம்.
அன்ஸ்லம் நிற்கிற இடத்தில்
ஒரு கோப்பை நிரப்பி வைத்தேன்.
பாட்டு முடிய ஜனித் அதை எடுத்து
ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தான்.
டேய், இது ஃபைரூஸின் கேத்தில்.
உண்மையான தேத்தண்ணி.