வலது மட்டும் ஒன்பது

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள்.
நான் வைத்தது ஒரு தோணியில்தான்.
மற்றக் கால் படகுத்துறையில் இருந்தது.
நடுவில் ஏரி ஒரு முழம் அகன்றது.

பாதத்தின் மேட்டில், எலும்புகள் கூடுமிடத்தில்
இப்போது ஒரு தகடு, நாலு திருகாணி.
எக்ஸ்ரேயில் பார்த்தால்
யாரோ அவசரத்தில் பொருத்திவிட்டுப் போன
கதவுக் கீல் மாதிரி இருக்கிறது.

பதினோரு வாரம் சோபாவில்.
"டொரான்டோவில் பனி எப்படி?" என்று
கோவையிலிருந்து செய்தி அனுப்பினார் பழைய மேலாளர்.
இது வேறு டொரான்டோ, சார்.
சிட்னிக்கு வடக்கே, மக்குவாரி ஏரிக்கரையில்.
இங்கே பனி கிடையாது.
வழுக்கி விழ நான் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

எலும்பு கூடிவிட்டது என்றார் மருத்துவர்.
கால் வளர்ந்துவிட்டதை அவர் சொல்லவில்லை,
ஷூ கடைப் பையன் சொன்னான்.
இடது எட்டு. வலது ஒன்பது, அதுவும் அகலம்.
"ஜோடியாத்தான் விப்போம்."

படகுக்கென்றே தைத்த தோல் ஷூ
நாடாவைச் சரியாகத் தகட்டின் மேல் முடிந்தது.
ஓட்டை போட்ட ரப்பர்ச் செருப்பு மெத்தை போலிருந்தது;
நனைந்த தளத்தில் அது ஒரு பக்கம் போனது,
நான் ஒரு பக்கம்.
முக்குளிப்பவர்கள் போடும் கறுப்புக் காலுறையை
மாட்ட இருபது நிமிடம், கழற்ற டெனீஸ்.
அதன் அடி அப்பளம்.
தளத்தில் எத்தனை போல்ட் என்று எண்ணிச் சொல்வேன்.

"வெறுங்காலோட வா" என்றாள் டெனீஸ்.
அவளுக்கு எழுபத்தொன்று. விரல்கள் நண்டு மாதிரி பிடிக்கும்.
என் நாலாம் விரலுக்கு உணர்ச்சி போய்விட்டது.
அது எதில் இடித்தது என்பதை
ரத்தம் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, நியூகாசில் மீன் கடை.
மடவை வாங்கப் போனேன்.
கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஸ்டெலியோஸ்
ஐஸ், செதில், குடல், சோப்புத் தண்ணீர்
எல்லாவற்றின் மேலும் நடந்தார்,
கூடத்தில் நடப்பதைப் போல.
முழங்கால் வரை வெள்ளை பூட்ஸ். மூக்கு அகலம்.
அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம்.

"என்ன பார்க்குறீங்க? மீன் இங்க இருக்கு."
"எந்தக் கடையில வாங்கினீங்க?"

கார்டிஃபில், வேலையாட்களுக்கான கடையில்,
எட்டில் ஒரு ஜோடி, ஒன்பதில் ஒரு ஜோடி.
இரண்டுமாகச் சேர்த்தும் தோல் ஷூ விலை வரவில்லை.
மீந்த இடது ஒன்பதும் வலது எட்டும்
கராஜில் நிற்கின்றன,
எங்கோ மறுகாலை உடைத்துக்கொண்ட
என் கண்ணாடிப் பிம்பத்துக்காக.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று கேட்பார்களே,
நான் ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்து
பூட்ஸைக் கணுக்காலோடு வெட்டினேன்.
கோணல்தான். ரப்பர் துருவல் ஒரு வாரம்
சமையலறையில் தட்டுப்பட்டது.

"கசாப்புக் கடை வைக்கப் போறியா?" என்று சிரித்த டெனீஸ்
துறையில் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.
அதே துறை. அதே ஒரு முழம்.
படகு வருகிறது, விலகுகிறது, வருகிறது.
கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு
கூழைக்கடாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பிறந்ததிலிருந்து கூழைக்கடா பார்க்காதவள் போல.
எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது.
எட்டு போனது.
அப்புறம், ஒன்பது.

தளம் ஈரமாக இருந்தது. அடி பிடித்தது.
தெற்கிலிருந்து காற்று. பாய் நிரம்பிப்
படகு ஒருபக்கம் சாய்ந்தபோது
தகட்டில் லேசாக ஒரு கீறல் வலி,
கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் மாதிரி.

ஒரு சிறு அலை விளிம்பேறி வந்து
நான் கோணலாக வெட்டிய வாய் வழியே
வலது பூட்ஸுக்குள் இறங்கியது.
அக்டோபர்த் தண்ணீர்.
குளிர் என்றன நாலு விரல்கள்.
மற்றதற்கு நான் சொன்னேன்.