ஒரு கோடி அடி

பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு பிடி சுண்டலின் கனம்.
பாலிஎதிலீன், வலது முழங்கால், எட்டு மில்லிமீட்டர்.
நான்கு வருடம் ஏழு மாதம்
நம்புத்தாயின் உள்ளே இருந்துவிட்டு
வெள்ளையாகப் போனது
பழம்பல்லின் மஞ்சளோடு திரும்பியிருக்கிறது.

உட்பக்கம், பின்னோரம், ஒரு பள்ளம்.
ஈர மணலில் குதிகாலை ஊன்றித் திரும்பினால்
விழுமே, அந்த மாதிரி.
என் வரைபடத்தில் அந்த மூலைக்கு
எந்தச் சுமையும் வருவதாக இல்லை.
கூடவே வந்த தாளில் ஒரு வரி:
காரணம், நோயாளி அறிவுரையை மீறியது.

நான்தான் வரைந்தேன்.
மேலே கோபால்ட் குரோமியம், கீழே டைட்டானியத் தட்டு,
நடுவில் இது.
தேயட்டும் என்றுதான் வைப்பது.
ஆனால் இவ்வளவு சீக்கிரமாகவா,
இந்த மூலையிலா?

ஒரகடத்துச் சோதனைக்கூடத்தில்
கன்றின் குருதிநீரில் நனைந்தபடி
நான்கு மாதம் இரவும் பகலும்
இயந்திரம் ஒரு கோடி அடி நடந்தது.
கையெழுத்துப் போட்டுவிட்டு
ஆளுக்கொரு ஜிலேபி தின்றோம்.
அந்த ஒரு கோடியில்
ஒரு முறைகூட அது உட்காரவில்லை.

பாம்பன், சின்னப்பாலம்.
கச்சான் காற்று
கோணமானியைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது.
காயும் பாசியின் நெடி, மிதவைக்கு வெட்டிய மூங்கில்,
அறுந்த கயிறுகள்.
"இதா என் காலுக்குள்ள கிடந்துச்சு? குடுங்க."
உறையைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறார்.
"மீன் கவிச்சியே இல்லையே."

எப்படி உட்காருவீர்கள் என்று கேட்டேன்.
புது மூட்டு வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது,
உட்கார்ந்து காட்ட மாட்டேன் என்றார்.
கூட்டாளி ராக்கு உட்கார்ந்தாள்.
"அப்படி இல்லடி. வலது பாதத்த வெளிய தள்ளு.
வள்ளம் ஆடும்ல?
இடுப்ப இந்தப் பக்கம் திருப்பி
பாசிய அந்தப் பக்கம் போடணும்ல?"
ராக்குவின் பாதம் வெளியே போனது,
முழங்கால் உள்ளே திரும்பியது,
எடை முழுக்கப் பின்மூலையில் போய் விழுந்தது.
நூற்று ஐம்பத்தாறு டிகிரி.
நான் வரைந்தது நூற்று இருபத்தைந்துக்கு.

"எனக்கு அம்புட்டு மடங்கல," என்றார் நம்புத்தாய்.
"மடங்குன மட்டும் மடக்குனேன்."

முங்கி மரிக்கொழுந்து பறிக்கையில் வலி தெரியாதாம்,
தண்ணீர் தாங்கிக்கொள்ளுமாம்.
வள்ளத்தில் குந்தி அரிக்கும்போதுதான்,
கரையில் குந்திக் கட்டும்போதுதான்.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுவீர்கள்?
"யாரு எண்ணுனா? இருபத்தஞ்சு இருக்கும்."
நாற்காலியில் உட்காரச் சொல்லியிருப்பார்களே என்றேன்.
ராக்கு சிரித்துவிட்டாள்.
நம்புத்தாய் சிரிக்கவில்லை.
"நடக்கவா மூட்டு மாத்துனேன்?
கடல்ல நடக்க எங்க இடம் இருக்கு?"

திரும்பும்போது ரயிலில்
இருபத்தைந்தை நாட்களால் பெருக்கினேன்.
நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தது.

ஜெகவீரன் புதிதாக ஒரு பிடிமானம் செய்துகொடுத்தான்.
பாதம் பதினைந்து டிகிரி வெளியே,
இடுப்பு திரும்பும், எடை ஆடும்.
முதலில் என் பழைய வடிவத்தையே பொருத்தினோம்.
இயந்திரம் உட்கார்ந்தது, எழுந்தது,
உட்கார்ந்தது.
காலை டீ நேரத்தில் எட்டிப் பார்த்தால்
அது குந்தியிருக்கும்,
யாருக்கோ காத்திருப்பது போல.

நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தில் நிறுத்திக் கழற்றினோம்.
உட்பக்கம், பின்னோரம்.
இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்து
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
அதே பள்ளம்.
ஜெகவீரன் கை தட்டினான்.
என் கை எழவில்லை.

போனில் கடல் இரைந்தது.
மெஷின் உங்களைப் போலவே உட்கார்ந்தது என்றேன்.
உங்களுடையது தேய்ந்த இடத்திலேயே
அதுவும் தேய்ந்தது என்றேன்.
இனி பின்பக்கத்தை மாற்றி வரைவேன்,
நாளாகும் என்றேன்.

எதிர்முனையில் காற்று மட்டும் கொஞ்ச நேரம்.

"அப்ப எம்மேல தப்பு இல்லைன்னு
அந்த டாக்டர்ட்ட சொல்லிருங்க."