கிலோக் கணக்கில் மயில்கள்

மாந்தலேயிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும் என் மயில்கள்,
சிமெண்டு மூட்டைத் தாளில் சுற்றி,
கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி.
தேயிலைச் சாயத்தில் ஓர் இரவு கிடக்கும்,
அவித்த முட்டை மஞ்சளோடு டப்பாவில் ஒரு பகல்.
நூற்றைம்பது வருஷம் ஏறிவிடும்.
ரங்கூன் போஜோ சந்தையில், மூன்றாம் வரிசையில்,
கறுப்புத் துணி விரித்துக் காத்திருப்பேன்.

"பழசா?" என்பான் வெள்ளைக்காரன்.
"பழசு மாதிரி" என்பேன்,
தமிழில்.
பொய் சொன்னவள் இல்லை நான்.

செவ்வாய்க்கிழமை சரக்கைக் கொட்டினேன்.
முப்பத்தொன்பது காசு
பவுடர் டப்பா மூடியைப்போல் விழுந்து ஓய்ந்தன.
ஒன்று மட்டும்
ஓய்வதற்கு நேரம் எடுத்துக்கொண்டது.
பக்கத்துக் குடைக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

எடுத்தேன். விரல்நுனியில் நிறுத்தி
இன்னொரு காசால் தட்டினேன்.
காதோரம் மறுபடி.
மறுபடி.

மொகல் தெரு சந்தனசாமிக்கு என்னைவிட ஆறு வயது குறைவு,
கட்டைவிரல் நகமெல்லாம் மருந்துக் கறை.
தராசில் வைத்தான்: பதினொன்றரை கிராம்.
"தேய்மானம் கழிச்சா சரிதான்."
செத்த கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைச் சாய்த்து
அதன் மேல் விட்டான்.
ஒட்டவில்லை. ஓடவுமில்லை.
கடன் கேட்கப் போகிறவன் படியிறங்குவதுபோல் இறங்கியது.
கரும்புச் சாற்றிலிருந்து இரண்டு ஐஸ் துண்டு எடுத்து
ஒன்றை என் டூப்ளிகேட்டின் மேலும் ஒன்றை இதன் மேலும் வைத்தான்.
இதன் மேலிருந்தது முதலில் கரைந்தது.
விளிம்பில் பல்வரிசை சுத்தம், ஒட்டுப்போட்ட கோடு இல்லை.
பிறகு மஞ்சள் மூடி பாட்டிலைத் திறந்தான்.
"ஓரமா ஒரு கீறல், ஒரு சொட்டு.
அதுக்கப்புறம் சந்தேகமே இருக்காது.
ஆனா கீறின காசுக்குப் பாதி விலைதான்."

இரு, என்றேன்.

மூன்று வருஷம் என்னையும் இப்படிப் புரட்டினார்கள்
குடியுரிமை ஆபீசில்.
கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பல், எந்த மாதம்,
வீட்டில் வடிவாம்பாள் வெளியில் டின் டின் ஏ,
இதில் எது அசல், எது முலாம்?
சுட்டுவிரல், கட்டைவிரல், மறுபடி சுட்டுவிரல்.
கடைசியில் கையில் வந்தது நீல அட்டை.
வெள்ளி மாதிரி, என்று அர்த்தம்.

அதைச் சொல்ல வரவில்லை.
எண்பத்தேழில் அப்பாவின் அரிசி டின்னில்
எழுபத்தைந்து கியாட் நோட்டுகள் இருந்தன,
ஒவ்வொன்றும் அசல், அரசாங்கமே அச்சடித்தது.
ரேடியோ பேசி முடித்தபோது
தங்கை அவற்றில் கப்பல் செய்து கொண்டிருந்தாள்,
அப்பா அடிக்கவில்லை.

"எவ்வளவு தருவே?"
"வெள்ளிக்குத் தருவேன். மயிலுக்கு என்கிட்ட விலையில்ல."
பூதக்கண்ணாடியை இறக்காமலே சொன்னான்:
"ஆயிரத்து இருநூத்துப் பதினாலுன்னு போட்டிருக்கு பார்,
அது ராஜா பட்டமேறின வருஷம்.
காசடிக்கிற எந்திரம் இங்கிலாந்துலேர்ந்து வந்து எறங்க
இன்னும் பன்னெண்டு பதிமூணு வருஷம் ஆச்சு."
"அப்போ வருஷம் பொய்யா?"
"வருஷம் பொய்தான்," சிரித்தான்,
"காசு மெய்."
பாட்டிலை மூடினான். கூலி வாங்கவில்லை.

திரும்பி வந்து துணியில் வைத்தேன், மற்றதுகளோடு.
வேறெங்கே வைப்பது?
கிலோவில் மயில் வாங்குகிற இந்த வாயால்
அசல் என்றால் குடைக்கடைக்காரியே சிரிப்பாள்.

சாயங்காலம், கூட்டம் கலைகிற நேரம்,
ஜெர்மன்காரர்களோடு ஒரு கைடு பையன் வந்தான்.
கிளறினான். அதை எடுத்தான்.
கை நழுவிச் சிமெண்டில் விழுந்து
அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே உருண்டது
என் செருப்புவரை.

அவன் புருவம் சுருங்கியது.
"இதோட சத்தம் வேற மாதிரி இருக்கே,
இது மட்டும் டூப்ளிகேட்டா அக்கா?"

காலை எடுத்து அதன் மேல் வைத்துக்கொண்டு
"ஆமாம்" என்றேன்,
பர்மிய மொழியில்.