என்னைக் கழித்தால் பெட்டி

பெட்டியைத் தூக்கிக்கொண்டு
குளியலறைத் தராசில் ஏறினால் எழுபத்திரண்டு.
இறக்கி வைத்துவிட்டு ஏறினால் அறுபத்து நாலரை.
என்னைக் கழித்தால் பெட்டி:
ஏழரை.

விமானக் கம்பனி எட்டு வரை விடும்.
மிச்ச அரைக் கிலோ
திரும்பும்போது கையில் ஏறுகிற சாமானுக்கு.
ஏழரை என்றால் சனியன் என்று சிரிப்பான் கமலநேசன்.
அவன் லிஸ்பனுக்கு
இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்தவன்.

ஆஸ்பத்திரிகளில்
இரத்தம் கழுவுகிற இயந்திரங்களைத்
திறந்து பார்ப்பது என் வேலை.
மாதம் மூன்று தரம் பாசலில் ஏறி எங்காவது இறங்கவேணும்.
திருகாணிச் சாவிகள் கூரியரில் முன்னே போகும்,
பின்னே நான்.

சப்பாத்துக்குள் மேஸ். மேசுக்குள் சார்ஜர்.
பாரமான சப்பாத்து காலில்;
கால்களை இன்னும் யாரும் நிறுக்கத் தொடங்கவில்லை.
காற்சட்டை கறுப்பு. கோப்பி சிந்தினால்
எனக்கும் கோப்பிக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.
முதல்நாள் இரவு பருப்பும் கோவாவும் இல்லை.
ஏன் என்று கேட்கிறவர்
முப்பதாயிரம் அடி ஏறிப் பார்க்கட்டும்.
யன்னல் வேண்டாம், மேகம் பார்த்தாயிற்று.
'சி' எழுத்துக் கதிரைதான்:
பழுதான வலது முழங்கால்
நடைபாதையில் சற்றே நீண்டு கிடக்கும்,
தேத்தண்ணி வண்டி வந்தால் மரியாதைக்கு மடங்கும்.

வெறும் போத்தலோடு போய்
சோதனை தாண்டிக் குழாயில் நிரப்புவேன்.
இது அந்த மாங்காய் ஊறுகாய்க்குப் பிறகு வந்த ஞானம்.
பிரான்ஸ் மண்ணில் நிற்கிற சுவிஸ் விமான நிலையம் அது;
இரண்டு நாட்டு உத்தியோகத்தரும்
பேணியைத் தூக்கி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்கள்.
எண்ணெய் அசைந்தது, மாங்காய் அசையவில்லை.
திண்மமா திரவமா?
சாதாரண தரப் பரீட்சையில்கூட
இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை.
கடைசியில் பிரெஞ்சுக்காரி மூடியைத் திறந்து மணந்தாள்.
இருமி முடித்துவிட்டு,
திரவம், என்றாள்.

இத்தனை சட்டம் வைத்திருந்தவள்தான்
போன பங்குனியில், விடிய நாலே முக்காலுக்கு,
ஐம்பதாம் இலக்க பஸ்ஸில்
பெட்டியை விட்டுவிட்டு இறங்கினேன்.
தானியங்கிக் கதவு இரண்டாம் தரம் மூடும்போதுதான்
கை வெறுமையாய் இருப்பது கைக்குத் தெரிந்தது.
பஸ் போய்விட்டது.
பாஸ்போர்ட் ஜக்கெட்டில். போன் அதற்கடுத்த பையில்.
போர்த்தோவில் பதினாலு நோயாளிகளுக்கு
ஒரு இயந்திரம் குறைவு.

பறந்தேன்.
மேல்பெட்டிக்காக முண்டியடிக்கிறவர்களுக்கு நடுவே
அவர்களுடைய சண்டை எனக்குப் புரியாததுபோல் உட்கார்ந்திருந்தேன்.
அங்கே ஒரு பல்துலக்கி வாங்கினேன்,
மூன்று உள்ளாடை, விலை அதிகம், பூப்போட்டது.
இரவு சட்டையைக் கழுவி விளக்கின்மேல் காயவிட்டேன்.
ஹோட்டல் குளியலறையிலும் ஒரு தராசு இருந்தது.
பழக்கத்தில் ஏறினேன்.
அறுபத்து நாலரை.
கழிப்பதற்கு ஒன்றும் இல்லாமல்
கொஞ்ச நேரம் அதன்மேலேயே நின்றேன்.
சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். குளிராக இருந்தது.

காணாமற்போன பொருட்கள் கந்தோரில்
பத்து பிராங்க் வாங்கிக்கொண்டு பெட்டியைத் தந்தார்கள்.
திறந்தேன்: மேசுக்குள் சார்ஜர்,
உருட்டிய சட்டைகள் மூன்று, ஓரம் பிசகாமல்.
செத்துப்போன ஒருத்தியின் ஒழுங்கு மாதிரி இருந்தது.
கமலநேசன் எட்டிப் பார்த்து,
குடை வைக்கவில்லையே, என்றான்.

இப்போது பஸ்ஸில்
பெட்டியின் வாரைக் கணுக்காலில் சுற்றிக்கொள்கிறேன்.
எதிர்க் கதிரை அம்மாவின் மடியில்
ஒரு சிறிய நாய்.
அவள் என் காலைப் பார்க்கிறாள், பெட்டியைப் பார்க்கிறாள்,
என்ன சாதி என்று கேட்கப்போகிறவள்போல.