முத்திரைக் கட்டணம்

எத்தனை நாள் என்று மைதீன் பிச்சை கேட்கவில்லை.
எடைமேடைக்கு வருஷ முத்திரை போடும் தேதி நெருங்குது,
கட்டணம் கட்டவா, விட்டுரவா
என்றுதான் கேட்டார்.
நான் மார்பின் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

புளியரை செக்போஸ்டுக்கு இரண்டு வளைவு முன்னால் அந்த மேடை.
வைக்கோல், வாழைத்தார், மலைக்கு அந்தப் பக்கம் போகும் காய்கறி.
லாரி திரும்பும்போதே டயரின் வயிறு பிதுங்குவதைப் பார்த்து
பதினாறு நானூறு என்பார்.
மிஷின் பதினாறு முன்னூற்றெண்பது காட்டும்.
அந்த இருபது கிலோவுக்கு
மிஷின்மேல்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

இப்போது அவர் எடை நாற்பத்தொன்று.
கணையத்தில் தொடங்கியது கல்லீரலுக்குக் குடிபோயாயிற்று.
திருவனந்தபுரத்து டாக்டர் கடைசியாகச் சொன்ன சொல்:
நோக்காம்.
பார்க்கலாம் என்று அர்த்தம். அவருக்குத் தெரியாததா,
முப்பது வருஷம் மலையாள டிரைவர்களோடு மல்லுக்கட்டியவர்.
ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில்
ஆரியங்காவு தாண்டும்வரை
நோக்காடு, நோக்காடு என்றே காதில் கேட்டதாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
சிரிப்பு விலாவில் இடித்து நின்றது.

என்னிடம் ஒரு கோடுபோட்ட நோட்டு உண்டு, யாருக்கும் காட்டுவதில்லை.
இந்த மாத்திரையைத் தொடங்கும் நாளில்
பேருக்கு நேராகப் பென்சிலால் ஒரு எண், வாரக்கணக்கில்.
போனபின் பக்கத்தில் பேனாவால் இன்னொன்று.
நாற்பத்திமூன்று பேர்.
முப்பத்தொரு பேருக்குப் பேனா எண் சிறியது.
பண்பொழி இசக்கியம்மாளுக்கு மட்டும் மூன்று வாரம் எழுதப்போய்
தம்பிமேல் போட்ட வரப்புக் கேஸில்
ஜெயித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார், பதினான்காம் மாதம்.
மற்றபடி என் தப்பு ஒரே பக்கம் சாய்கிறது.
பழுதான தராசுகூட
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.
டீ குடித்துப் பழகிய வீடுகளில் தப்பு இன்னும் பெரிது.

இந்த வீட்டில் ஏலக்காய் போட்டுத் தருவார்கள்.
காலையிலேயே பதினான்கு எழுதிவிட்டேன்.

ரகுமத்து பீவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்,
மேடையடிக் கேபினுக்கு; இப்போது கணக்கெல்லாம் அவர்தான்.
சார்ஜாவில் இருக்கும் மகனுக்கு டிக்கெட் போடணும்.
சீக்கிரம் வரச் சொல்லுங்க, என்றேன்.
"சீக்கிரம்னா இந்த மாசமா, அடுத்த மாசமா?
ரெண்டுக்கும் ஒம்பதாயிரம் வித்தியாசம், டாக்டரம்மா."

அதற்குள் ஒரு வைக்கோல் லாரி ஏறி நின்றது.
பேச்சை அப்படியே விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்:
"டிரைவர் எறங்கு. கிளீனரும் எறங்கு.
வண்டி மட்டும் நிக்கட்டும்."
சாரலில் இறங்க மனசில்லாமல்
துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.
திரையில் எண்கள் கொஞ்சம் தடுமாறி
நூற்றிருபது கிலோ குறைந்து நின்றன.

நோட்டை எடுத்தேன்.
பென்சிலின் பின்பக்க ரப்பர் தேய்ந்து தகரம் காகிதத்தைக் கீறியது.
பதினான்கை அழித்து ஏழு என்று எழுதினேன்.
"இந்த மாசமே," என்றேன்.
அவர் தலையாட்டிவிட்டு
ரசீதில் லாரி நம்பரைச் சரிபார்த்தார். இரண்டு முறை.

உள்ளே வந்ததும் அவர் கண்ணைத் திறக்காமலே,
"அப்ப கட்டணம்?"
கட்டிருங்க, மேடை ஒரு வருஷம் ஓடணும்ல, என்றேன்.
கண்ணைத் திறந்து
டயரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.
"மேடை ஓடும்," என்றார். "சரி."
அதற்குப் பிறகு ஏலக்காய் விலை பேசினோம்.

மகன் வந்தான். பதினோரு நாள் கூட இருந்தான்.
முத்திரைக்காரர் வந்து ஈயத்தை நசுக்கி
அடுத்த ஆனி வரை செல்லும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்றிரவு பேனாவை எடுத்தேன். ஐந்து.
கீறலுக்கடியில் அந்தப் பதினான்கு இன்னும் மங்கலாகத் தெரிகிறது.
ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள இரண்டு வாரம்
நான் இறங்காமல்
வண்டியிலேயே உட்கார்ந்திருந்தது.