அரைப்பேர்

ஹட்டன் கோர்ட்டில் ஏழாவது தவணை.
பொலிஸ் அறிக்கையைத் தரகர்
சிங்களத்திலிருந்து மாற்றிச் சொல்கிறார்:
லொறி வளைவில் சறுக்கியதாம்.
பிரேக் பற்றி ஒரு சொல் இல்லை,
பின்னால் கொழுந்துச் சாக்குகளோடு
நாங்கள் பதினாலு பேர் நின்றதும் இல்லை.

இன்சூரன்ஸ்காரர் கேட்கிறார்:
வலது கையில் எத்தனை விரல் மடங்கும்?
இரண்டு.
அப்போ முப்பது வீதம்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்ததுதான்.
பதினெட்டுக் கிலோ என்றால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
இப்போதெல்லாம் தராசு முள் நிற்கும் முன்பே
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுகிறார்.

இழப்பீட்டுப் படிவத்தின் முதல் கட்டம்:
முழுப்பெயர்.
தரகர் மணி பார்க்கிறார், கினிகத்தேனை பஸ்சுக்கு.
இடது கையால் எழுதுகிறேன்,
ஆறுமுகம் தவமலர்.

மலர்
கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.