சட்டைக்கும் ஒரு முழுக்கு

ராணிபௌவா வரைதான் என் ஜீப்.
அதற்கு மேல் குதிரை, அல்லது கால்,
அல்லது கடன் வாங்கிய மூச்சு.

கார்த்திகைக் கடைசி. ஜனக்பூரிலிருந்து ஏழு பேர்.
ஆறு பேருக்குத் தலை சுற்றி
காலை உணவு ஜன்னல் வழியே போயிற்று.
பூண்டு சூப் குடித்துப் படுத்துவிட்டார்கள்.
ஏழாவது ஆள் புலேசுவரி.
மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு
"நீ வா, எண்ணுவதற்கு ஆள் வேண்டும்" என்றாள்.

எண்ணத்தான் தெரியும் எனக்கு:
தலை, டீசல், வளைவு, சில்லறை.
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக்
கழற்றிக்கொண்டேன்.

அவளுக்கு அது முக்திநாத்.
எங்களுக்குச் சூமிக் கியாட்சா,
நூறு சொச்சம் நீரூற்று.
இரண்டு பெயரும் மலையின் காதில் விழுந்திருக்கும்.
எதற்கும் திரும்பிப் பார்த்ததில்லை.

பத்துப் படிக்கொருமுறை நின்றாள்.
நின்றபோதெல்லாம் ஒரு சேதி.
மகள் ஏழாம் வகுப்பு.
மாமியாருக்குச் சர்க்கரை.
புருஷன் தோஹாவில், கயிற்றில் தொங்கியபடி
கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிறான்.
மூன்று வருஷம். லீவு இல்லை.
நேர்ந்துகொண்டது அவன்தான்.
பையைத் திறந்தாள்:
முழுக்கைச் சட்டை, நீலக் கட்டம்,
காலரில் வேர்வைக் கோடு,
துவைத்துத் துவைத்தும் போகாதது.

அரைவட்டச் சுவரில் காளைமுகக் குழாய்கள்.
அவள் தலையை நீட்டவில்லை, சட்டையை நீட்டினாள்.
ஒரு காளைக்கு ஒரு மணி.
நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.
அவள் கை சிவந்தது, பிறகு வெளுத்தது,
பிறகு யாருடைய கையோ என்பதுபோல்
அவளே அதைப் பார்த்தாள்.

கடைசியில் என் விரலில் ஒரு மணி மிஞ்சியது.

"தப்பாய் எண்ணினாய்."
"இல்லை அக்கா. அதோ, மூலைக் காளை."
மூக்கிலிருந்து முழ நீளத்துக்கு
பனிக்கம்பி தொங்கியது.
நூற்றேழும் முழுக்குதானே என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை, நகரவும் இல்லை.

ரிக்சின் அனி வந்தாள்,
ஜ்வாலா மாயியில் சுடரைப் பார்த்துக்கொள்பவள்.
கையில் கரிபிடித்த கெட்டில்.
ஆசீர்வாதமும் இல்லை, அதட்டலும் இல்லை.
"தினம் நாலைந்து உறையும்" என்றாள்.
பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல்
காளையின் முகத்தைப் பிடித்து வெந்நீர் ஊற்றினாள்.
காளை தும்மியது.
தண்ணீர்.

சட்டையைக் காயவைக்க வேண்டுமாம்.
அனி சிரித்தாள்: "இங்கே காயாது. நிற்கும்."
நிறம் போன மந்திரக்கொடிகளுக்கு நடுவே
கயிற்றில் அதை மாட்டினாள்.
உப்புத் தேநீர் ஒரு கோப்பை முடிவதற்குள்
இரண்டு கையும் விரித்து, நெஞ்சு புடைத்து
கயிற்றில் ஒரு ஆள்.

புலேசுவரி போனை உயர்த்திப் பிடித்தாள்.
ஒற்றைக் கோடு சிக்னல்.
முகம் வரவில்லை. குரல் மட்டும், அறுந்து அறுந்து.
"இங்கே வெயில்" என்றது. "நனைச்சியா?"
"நனைச்சேன்."
"எல்லாத்துலயும்?"
என்னைப் பார்த்தாள். நான் மாலையைக் காட்டினேன்.
"எல்லாத்துலயும்."
கோடு போய்விட்டது.

நண்பகலுக்கு முன்பே
காளி கண்டகியில் காற்று கிளம்பிவிடும்.
கூவி எழுப்பினேன். ஆறு பேரும் தெம்பாய் எழுந்து
சாலக்கிராமம் விற்பவளிடம் அரைமணி நேரம்
பேரம் பேசிவிட்டு ஏறினார்கள்.

விறைத்த சட்டை மடியவில்லை.
எனக்கும் அவளுக்கும் நடுவே உட்காரவைத்தாள்.
சோதனைச்சாவடியில் எத்தனை பேர் என்றான் போலீஸ்காரன்.
வாய்வரை எட்டு வந்தது.
ஏழு என்றேன்.

காக்பேனி தாண்டுகையில் ஒரு தோள் இறங்கியது.
ஜோம்சோம் பாலத்தருகே
மொத்தமாய் அவள் மடியில் சாய்ந்தது.
புடவை முழங்காலுக்குக் கீழும் நனைந்துகொண்டிருந்தது.

ஹீட்டர் பக்கம் போன கையை
ஸ்டியரிங்குக்கே திருப்பிக்கொண்டேன்.